துணி டயபரை யார் துவைப்பது?

கைக்குழந்தை இருக்கும் வீட்டை முன்பெல்லாம் தெருவில் நின்றே கண்டுபிடித்துவிடலாம், கொடி காட்டிக்கொடுத்துவிடும். தாத்தாவின் எட்டு முழ வேட்டியைக் கிழித்த வெள்ளைத் துண்டுகள், நைந்துபோன சுங்குடிச் சேலையின் சதுரங்கள், நடுவே ஒரு ரப்பர் ஷீட். இன்று அந்தச் சேதியை அடுக்ககத்துக் குப்பைத்தொட்டிதான் சொல்கிறது. சுருட்டி, ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டி, மளிகைக் கடைப் பையில் முடிந்து போட்ட டயபர்கள். 'பேம்பர்ஸ்' என்பது ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெயர் என்பதே மறந்து, எந்தக் கம்பெனி டயபரையும் அந்தப் பெயரிலேயே கேட்டு வாங்கும் அளவுக்கு அது சிற்றூர் வரை ஊறிவிட்டது.

சில வருடங்களாகத் துணி டயபர் திரும்பி வருகிறது. பழைய முக்கோணத் துணியாக அல்ல. வெளியே நீர் கசியாத உறை, உள்ளே பல மடிப்புத் துணிப்பட்டை, இடுப்பிலும் தொடையிலும் குழந்தை வளர வளரத் தளர்த்திக்கொள்ள டிச் பட்டன்கள், மேலே யானையும் மாம்பழமுமாக அச்சு. மும்பையின் சூப்பர்பாட்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் இதை ஒரு பெரிய வியாபாரமாகவே வளர்த்துவிட்டன. மூன்று காரணம் சொல்லி விற்கிறார்கள்: பூமிக்கு நல்லது, பணம் மிச்சம், தோலுக்கு இதம். மூன்றிலும் உண்மை இருக்கிறது. நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: 'இதுதான் நம் பாரம்பரியம்.' அங்கேதான் இடிக்கிறது. பாரம்பரியத்தில் துணி மட்டும் இல்லை, துவைத்த கையும் இருந்தது. அது யாருடைய கை என்று கேட்காமல் துணியை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால், வேலை யார் தலையில் போய் விழும் என்பதைச் சொல்லச் சோசியம் தேவையில்லை.

கொல்லைப்புறமாக வந்தவர்கள்

நம் கிராமங்களில் பிரசவமான வீட்டின் துணியை வீட்டார் துவைத்ததில்லை. தீட்டு. வண்ணார் வீட்டுப் பெண் கொல்லைப்புறமாக வந்து, ஒதுக்கிப் போட்டிருக்கும் துணியை மூட்டை கட்டி எடுத்துப்போவார். இரத்தம் தோய்ந்த சேலையும் பச்சைக் குழந்தையின் மலம் காய்ந்த துண்டும் அதில்தான் இருக்கும். உவர்மண்ணில் முக்கி, வெள்ளாவியில் அவித்து, ஆற்றங்கரைக் கல்லில் அடித்து, வெளுத்து மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். அதற்குக் காசு என்று பெரிதாக ஒன்றும் கைக்கு வராது. அந்தியில் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும், அறுப்புக் களத்தில் அளந்து போடும் தானியமும்தான் கூலி. தலித் மக்களுக்கு இதே வேலையைச் செய்த புதிரை வண்ணார்களின் நிலை இன்னும் மோசம். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படக் கூடாது என்று கட்டுப்பாடே இருந்ததை 1930களின் பதிவுகள் சொல்கின்றன. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் வரும் ஆரோக்கியத்தைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது. இந்த மக்களுக்கென்று தமிழ்நாடு அரசு ஒரு நல வாரியம் அமைத்தது 2009இல்தான்.

ஆகவே, 'அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாம் துணிதான்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த வீட்டுக் கணக்கில் வராத ஒருத்தி வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊர்ச் சலவை ஓய்ந்த பிறகு வேலை வீட்டுப் பெண்களுக்கு வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்குச் சாஸ்திரம், சம்பிரதாயம் என்று ஆயிரம் சொல்வார்கள். அங்கே அம்மா துணி அலசிக்கொடுப்பாள் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். 'பச்சை உடம்பு, தண்ணியில கைய வைக்காதடி' என்று மகளை விரட்டிவிட்டு, மூட்டு வலியோடு குந்தி உட்கார்ந்து பார் சோப்பைத் தேய்க்கும் பாட்டிமார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் மாமியார் வீட்டுக்குத் திரும்பியதும் அந்தச் சலுகை முடியும். அங்கே மகன் வாளியைத் தூக்கினால், 'ஆம்பளப் புள்ள பீத்துணி அலசுறதாடா? இங்க குடு' என்று பிடுங்கிக்கொள்ளும் தாய் இருப்பாள். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தின் விலையை மருமகள்தான் கொடுப்பாள்.

இப்படி ஒரு பின்னணியில், வீசி எறியும் டயபரைப் பெண்கள் ஏன் அவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது புரியாத விஷயமா? அமெரிக்காவிலும் கதை அதேதான். குழந்தையின் துணியையும் படுக்கை விரிப்பையும் மாற்றி மாற்றி அலுத்துப்போன மேரியன் டோனவன் என்ற தாய், 1940களின் பிற்பகுதியில் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து நீர் கசியாத மேலுறை ஒன்றைச் செய்தார். தயாரிக்க எந்தக் கம்பெனியும் முன்வராமல் தானே செய்து 1949இல் நியூயார்க் கடை ஒன்றில் விற்பனைக்கு வைத்தார், விற்றுத் தீர்ந்தது. பிராக்டர் அண்ட் கேம்பிளின் பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரக்குழந்தையின் துணியை அலசப் பிடிக்காமல்தான் வீசி எறியும் டயபர் பற்றி யோசித்தார் என்று சொல்வார்கள். 1961இல் பேம்பர்ஸ் சந்தைக்கு வந்தது. ஒரு தாத்தா சில தடவை அலசியதிலேயே ஒரு தொழில் பிறந்துவிட்டது. பாட்டிகள் காலங்காலமாக அலசியபோது யாருக்கும் அப்படி ஒரு யோசனை வரவில்லை. இதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

காலை எட்டரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒரு தாயிடம் போய் 'டயபர் போட்டுப் பூமியைக் கெடுக்கிறாய்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தொட்டிக்கு அப்பால்

ஆனால் அந்த வேலை இல்லாமல் போய்விட்டதா என்று கேட்டால், வீட்டுக்குள் இல்லாமல் போனது என்றுதான் சொல்ல முடியும். குழந்தையின் மலத்தை யாரோ ஒருவர் கையாண்டே தீர வேண்டும். நேற்று கொல்லைப்புறமாக வந்தவர் இன்று தெருவில் பச்சையும் நீலமுமாகத் தொட்டி வைத்த பேட்டரி வண்டியோடு வருகிறார், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் அந்த வண்டியின் பக்கத்தில் நின்று பாருங்கள். நாம் இறுக்கி முடிந்த பையின் முடிச்சு அவிழாது, கிழிக்கத்தான் வேண்டும். கிழித்தால் காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, அவற்றுக்கு நடுவே ஊறிக் கனத்த டயபர் இரண்டு. மக்கும் குப்பையில் போட முடியாது. மக்காத குப்பையில் போட்டால் அட்டையும் பாட்டிலும் வீணாகி எடைக்கடையில் விலைபோகாது. கையில் எடுத்து ஓரமாகத் தொங்கவிட்ட தனிச் சாக்குக்குள் போடுகிறார். கையுறை இருந்தால் சரி. இல்லாவிட்டால் இரண்டு விரல் நுனியால் பிடித்து எடுக்கிறார். எடுக்கும்போது அது பிய்ந்து உள்ளேயிருக்கும் பசை கொழகொழவென்று வழிகிறது. அந்தப் பசையின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு சுத்தமான நீரை உறிஞ்சக்கூடியது. உப்புக் கலந்த சிறுநீர் என்றால் அந்த அளவு குறையும். 1980களில் இது டயபருக்குள் வந்த பிறகுதான் டயபர் மெலிந்தது, இரவு முழுக்க ஒன்றே போதும் என்ற நிலை வந்தது. மேலே பிளாஸ்டிக் தாள், உள்ளே மரக்கூழும் இந்தப் பொடியும், ஓரத்தில் எலாஸ்டிக், எல்லாம் ஒட்டுப் போட்டு ஒன்றாக்கியது. பிரித்து எடுத்து மறுசுழற்சி செய்வது நம் ஊர்களில் நடக்கிற காரியமில்லை. ஆக எரியூட்டும் உலை, இல்லாவிட்டால் பெருங்குடி, கொடுங்கையூர், கோவை வெள்ளலூர் என்று ஒரு குப்பைமேடு. மக்க ஐந்நூறு வருடம் ஆகும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். டயபர் பிறந்தே நூறு வருடம் ஆகவில்லை. அந்தக் கணக்கை யாரும் கூட இருந்து பார்த்ததில்லை. நம் பேரன் பேத்தி காலத்துக்குள் மக்காது என்பது நிச்சயம், அது போதாதா?

மலத்தோடு சுருட்டி எறிவது இன்னொரு சிக்கல். 'பால் குடிக்கிற புள்ள, அதுல என்ன இருக்கு' என்று நினைக்கிறோம். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ் சில வாரங்கள் வரை வெளியேறிக்கொண்டிருக்கும். வயிற்றுப்போக்குக் கிருமிகளும் பெரியவர்களின் மலத்தில் இருப்பதைப் போலவே இதிலும் இருக்கும். டயபரைச் சுருட்டும் முன் உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் தட்டித் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். இதைச் செய்யும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயபரையும் சானிட்டரி நாப்கினையும் தனியே சுற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டன. சுற்றுவதற்கான உறையை பாக்கெட்டோடு சேர்த்துத் தர வேண்டிய பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்தன. டயபர் பாக்கெட்டில் அப்படி உறை இருந்து பயன்படுத்தியவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை உயரும் என்று தெரியவில்லை. புணேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு 2013இல் ஒரு காரியம் செய்தது. தங்கள் கையில் வந்து சேர்ந்த பயன்படுத்திய சானிட்டரி நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தார்கள். பிறகு காகிதத்தில் சுற்றி மேலே சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுக்கும்படி வீடுகளைக் கேட்டுக்கொண்டார்கள். பிரிக்காமலே உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். ஒரு பழைய செய்தித்தாள், ஒரு சிவப்புப் பேனா. நம் மாநகராட்சிகளுக்கு இதற்கு டெண்டர்கூடத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பல நாள் இரவு பகலாக உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைத் தனியார்மயம், வேலை, சம்பளம் என்ற சொற்களோடு மட்டுமே நாம் பேசினோம். தினமும் அவர்கள் கைக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்ற பேச்சு வரவேயில்லை.

கணக்கு

துணி டயபர் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளக்கூடிய உண்மையும் அல்ல. பிரிட்டனில் 2008இல் அரசு ஆய்வு ஒன்று இரண்டையும் பருத்தி, மரக்கூழ் நிலையிலிருந்து குப்பை வரை அளந்து பார்த்தது. குழந்தையின் முதல் இரண்டரை வருடத்துக்கு வீசி எறியும் டயபரின் கரியமில வாயுக் கணக்கு சுமார் 550 கிலோ, துணிக்கு 570. அதாவது துணிதான் ஒரு பிடி கூடுதல்! காரணம் துணி அல்ல. சூடான நீரில் துவைத்து, மின்சார உலர்த்தியில் காயவைக்கும் பழக்கம். இயந்திரம் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால் சுமார் 200 கிலோ குறைகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. 2023இல் வெளியான புதிய ஆய்வில் வீசி எறிவது 457 கிலோ, துணி 345 கிலோ என்று கால் பங்கு வித்தியாசத்தோடு துணி முந்திவிட்டது.

நம் ஊரில் சூரியன் இலவசம், வெந்நீர் தேவையில்லை, மொட்டைமாடி இருக்கிறது. எனவே நம் கணக்கு இன்னும் சாதகமாகத்தான் இருக்கும். நமக்கு இடிக்கும் இடம் வேறு: தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு சென்னை லாரிக்குக் காத்துக் கிடந்த நாட்களில், குடத்தோடு வரிசையில் நின்ற பெண்ணிடம் துணி டயபரின் அருமையைப் பேசியிருக்க முடியுமா? அந்த மாதிரி மாதங்களில் வீசி எறியும் டயபர் சொகுசு அல்ல, தேவை. தண்ணீர் வரும் காலத்தில் துணி, வராத காலத்தில் மற்றது என்று கலந்து ஓட்டும் குடும்பங்களைக் கொள்கையில்லாதவர்கள் என்று நான் நினைக்க மாட்டேன்.

பணக் கணக்கு எளிது. ஒன்று பத்து ரூபாய், நாளைக்கு ஐந்து என்று வைத்தாலும் மாதம் ஆயிரத்து ஐந்நூறு. இரண்டு வருடத்தில் முப்பத்தாறாயிரம். பட்டன் வைத்த துணி டயபர் ஒன்று ஐந்நூறு ரூபாய், இருபது வேண்டும் என்றால் பத்தாயிரம். இரண்டாவது பிள்ளைக்கும் ஆகும். சிக்கல், அந்தப் பத்தாயிரத்தை ஒரே தடவையில் எடுத்துவைக்க வேண்டும் என்பதுதான். தினக்கூலி வீட்டில் ஐம்பது ரூபாய் புரளும், பத்தாயிரம் புரளாது. அவர்களுக்கு உறை நான்கு, உள்ளே மடித்து வைக்கப் பழைய பருத்தித் துணி என்ற ஏற்பாடுதான் கட்டுப்படியாகும். அது நன்றாகவே வேலை செய்யும்.

தோல் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல தரமான வீசி எறியும் டயபர் ஈரத்தைத் தோலிலிருந்து இழுத்துக்கொள்கிறது. ஈரமான துணி தோலோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. துணி கட்டியதாலேயே புண் வராது என்பது தவறு. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை மாற்றினால்தான் துணி இதம். மாற்றாமல் விட்டால் இரண்டும் ஒன்றுதான்.

அலசல், உலர்த்தல்

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தக் கூடாது, பெரியவர்கள் கட்டிய பழையதைத்தான் போட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. நூறு தடவை துவைத்த வேட்டியில் கஞ்சிப்பசையும் முரட்டுத்தனமும் போயிருக்கும், தண்ணீரை உடனே குடிக்கும். கடையில் வாங்கும் புதுத் துணி டயபரின் உள்பட்டைக்கும் இதே விதி பொருந்தும். பருத்தியில் இயற்கையாக இருக்கும் மெழுகுப்பசை போகாமல் அது ஈரத்தை உறிஞ்சாது. பல தடவை அலசி உலர்த்திய பிறகே முழுக் கொள்ளளவுக்கு வரும். இது தெரியாமல் முதல் நாளே கட்டிப்பார்த்து, 'ஒழுகுது, ஏமாத்திட்டாங்க' என்று பரணில் போட்டவர்கள் ஏராளம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும், அதிகச் சிரமமில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு இட்லியும் பருப்புச்சோறும் உள்ளே போக ஆரம்பித்ததும் நிலைமை மாறும். அப்போது துணியைக் கழிப்பறைப் பீங்கானுக்கு மேலே மேல்நுனியில் இரண்டு கையால் விரித்துப் பிடித்து, குழாய்ப் பீச்சானை மேலிருந்து கீழாகச் சரிவாக அடிக்க வேண்டும். நேராக அடித்தால் சட்டையில் தெறிக்கும். மலம் போய்க் கறை மட்டும் மிஞ்சியதும் பிழிந்து, காற்றோட்டமுள்ள கூடையில் போட்டுவைக்கலாம். வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைப்பதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அதில் எலாஸ்டிக் தளரும், உறையின் உள்பூச்சு உரியும், கிருமியும் பெருகும். மூத்திரத் துணியைப் பச்சைத்தண்ணீரில் ஓர் அலசு அலசிவிட்டு வைத்தால் மறுநாள் வரை தாங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நடையாகத் துவைத்தால் தண்ணீரும் மிச்சம், முதுகும் மிச்சம்.

துவைக்கையில் வாசனை திரவம் ஊற்றாதீர்கள். துணியை மென்மையாக்கும் அந்தத் திரவம் நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்து, அது தண்ணீரை உறிஞ்சவிடாமல் செய்யும். புண்ணுக்குத் தடவும் துத்தநாகக் களிம்பும் அப்படித்தான். களிம்பு போட்டால் நடுவே ஒரு மெல்லிய துணியை வைத்துக் கட்ட வேண்டும். நம் ஊரில் இன்னொரு தொல்லை போர்வெல் தண்ணீர். உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று பவுடரை அள்ளிக் கொட்டுவோம். அது அலசினாலும் போகாமல் துணியிலேயே தங்கும். சில வாரத்தில் துணி அட்டைபோல விறைக்கும். குழந்தை ஒரு தடவை போனதுமே மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை அடிக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் கிடைத்தால், அல்லது மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால், பாதி வியாதி தீரும்.

உள்பட்டையை உச்சி வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு வெயில் பட்டால் மஞ்சள் கறை தானாக வெளுக்கும், கிருமியும் சாகும். உறையை மட்டும் நிழலில் காயப்போடுவது நல்லது. பொழுது சாயுமுன் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும், மேலே பறவை பறந்தால் பட்சிதோஷம் என்பார்கள் பெரியவர்கள். தோஷத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் எடுத்துவிடலாம். பனி இறங்கினால் துணி மறுபடி ஈரமாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் எல்லா உறுதியும் தடுமாறும். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி நாற்காலியாகத் துணி காயும், வீடு முழுக்க ஒரு புழுக்க வாடை. குழந்தைக்குச் சாம்பிராணி போடும் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியை விரித்துக் காயவைத்த பாட்டிகளின் வீட்டில் கரியடுப்பு இருந்தது. நமக்கு இஸ்திரிப் பெட்டிதான். அந்த இரண்டு மாதத்துக்குக் கடையில் ஒரு பெரிய பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

அப்பாவின் பங்கு

இதையெல்லாம் படித்த உடனே 'சரி, அவளிடம் சொல்கிறேன்' என்று செல்பேசியில் மனைவிக்கு அனுப்பும் வாசகரிடம்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் அந்த 88க்குள் இல்லவே இல்லை. ஏற்கெனவே ஐந்து மணி நேரத்தை நெருங்கிய ஒருத்தியின் நாளில் இன்னும் அரை மணி நேரத்தைச் செருகிவிட்டு, அதற்குச் சுற்றுச்சூழல் உணர்வு என்று பெயர் வைப்பது அநியாயம்.

எனவே என் கருத்தைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். கணவன் துவைப்பதாக இருந்தால் துணி டயபர் வாங்குங்கள். மனைவியோ மாமியாரோ மட்டும் துவைப்பதாக இருந்தால் வாங்காதீர்கள். வீசி எறியும் டயபரையே காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளுவதாக இருந்தால் அறவே வேண்டாம். அது கொல்லைப்புறக் கதையின் அடுத்த அத்தியாயம்.

தாய் பால் கொடுக்கிறாள். அதை வேறு யாரும் செய்ய முடியாது. இரவில் மூன்று தடவை எழுகிறாள். பிரசவ உடம்பு தேறக் குறைந்தது சில மாதம் ஆகும். குழந்தை தொடர்பான வேலைகளில் ஆண் முழுதாக எடுத்துக்கொள்ளக்கூடிய, பயிற்சி அதிகம் தேவைப்படாத ஒன்று உண்டென்றால் அது இந்தத் துணிதான். அலுவலகம் போகும் முன் இருபது நிமிடம், வந்து மடித்துவைக்கப் பத்து நிமிடம். லீவு இல்லையே என்பார்கள். உண்மை, மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது, தனியார் துறை ஆணுக்குச் சட்டப்படி ஒன்றுமே இல்லை. அதற்காகப் போராடலாம். ஆனால் துணி அலச விடுப்பு தேவையில்லை, ஒரு பார் சோப்பு போதும்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இன்னொரு தடை, காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். இருக்கும் காப்பகங்களிலும் டயபர் கட்டிய குழந்தையைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். துணி என்றால் முகம் சுளிக்கிறார்கள். அங்கேயும் துவைக்க வேண்டியது சொற்பச் சம்பளம் வாங்கும் ஓர் ஆயாதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஈரத்துணியைப் பையில் போட்டு மாலையில் பெற்றோர் கையிலேயே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அரசு செய்ய ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குத் தரும் பரிசுப் பெட்டகம் 2015இல் தொடங்கியது. 16 பொருள்: துண்டு, உடுப்பு, சிறு மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் வரை. பின்லாந்தும் 1938 முதல் இப்படி ஒரு பெட்டி கொடுத்துவருகிறது. ஒரு காலத்தில் அதில் வீசி எறியும் டயபரை வைத்தார்கள், 2006இல் அதை மாற்றித் துணி நாப்பியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் பெட்டகத்தில் நான்கு உறையும் ஒரு டஜன் பருத்திப் பட்டையும் வைப்பது நிதித்துறையைக் கவிழ்த்துவிடாது. துணி ஈரோட்டில் இருக்கிறது, தைப்பதற்கு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் குழந்தை நாப்கினுக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமானது. கடையில் வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை போதும், பெட்டகம் வாங்குகிறவருக்குப் பொருளாகவே வேண்டும்.

பெட்டகத்தைக் கையில் கொடுக்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வார்டில் செவிலியர் தாய்க்கும் உடனிருக்கும் பாட்டிக்கும் சொல்லித்தருகிறார். அப்பா வெளியே வராந்தாவில் டிஸ்சார்ஜ் சீட்டுக்கு நிற்கிறார். அந்தப் பாடத்தை வராந்தாவுக்கு மாற்ற வேண்டும். ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு வரும்போது செவிலியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, குழந்தை நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறது என்பது. ஆறு தடவைக்குக் குறையாமல் போனால் தாய்ப்பால் போதுகிறது என்று அர்த்தம். பாலிமர் பசைக்குள் எல்லாம் மறைந்துவிடும் டயபரைப் பார்த்து அந்தக் கணக்கைச் சொல்வது கடினம். மலத்தின் நிறம் மாறியது, சளிபோல வந்தது என்பதெல்லாம் துணியை விரித்து அலசியவருக்குத்தான் முதலில் தெரியும். செவிலியர்கள் இனி அந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்க வேண்டாம்; பக்கத்தில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கட்டும்.